மூடியில் பூத்தது

அந்த பெயிண்ட் கம்பெனியின் ஸ்டோரை இருபத்திரண்டு வருடம் ஆண்டவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. மற்றபடி அவர் எல்லோருக்கும் 'இருக்கட்டும்'. இந்த ஓட்டை வாளியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார். தேய்ந்த பெல்ட், மூக்கு உடைந்த புனல், எதற்கும் பொருந்தாத நட்டுகள், எல்லாம் இருந்தன. ரப்பர் கையுறைகளில் வலது கை எப்போதும் முதலில் கிழியும். மிஞ்சிய இடது கைகளை அவர் ஒரு மூட்டையில் கட்டி வைத்திருந்தார். நாற்பத்தொரு இடது கைகள். இரண்டு இடது கையோடு யாராவது ஒருநாள் வேலைக்கு வந்து சேருவான் என்று அவை காத்துக்கிடந்தன.

ஸ்டோர் என்பது தகரக் கூரை போட்ட நீண்ட அறை. ஒரே ஜன்னல், அதன் கண்ணாடிக்கும் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலை ஒட்டி அவருடைய மேஜையும், வயர் வைத்த தொலைபேசியும். கடைசி மூலையில் தரையில் ஒரு இருபது லிட்டர் டின். அதில் இருந்தது கிளைக்கால் ஈதர். பெயிண்டை இளக்கவும், தட்டில் காய்ந்துபோனதைக் கரைக்கவும் உதவும் கரைப்பான்.

இந்தக் கரைப்பானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தின்னர் முரடன். கையில் பட்டால் சுள்ளென்று உறைக்கும், மூக்கில் குத்தும். கிளைக்கால் ஈதர் அப்படியல்ல, பரம சாது. லேசாக இனிக்கிற மாதிரி ஒரு வாசனை. பத்து நிமிடத்தில் அதுவும் தெரியாது. வாசனை போய்விட்டது என்று நினைப்போம். போனது நம் மூக்குதான். கையில் பட்டால் எரிச்சல் கிடையாது. தோல் வழியாக மரியாதையாக உள்ளே நுழைந்து, ரத்தம் ஊறும் இடத்தையும் வம்சம் விளங்கும் இடத்தையும் சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் டின்னோடு வந்த பதினாறு பக்கப் பாதுகாப்புத் தாளில் அச்சாகியிருந்தது. அது தொலைந்துவிடக் கூடாதே என்று இருக்கட்டும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவ்வளவு பத்திரமாக இருந்ததால் அதை யாரும் படிக்கவில்லை.

கோட்டிங் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன் அவருடைய தங்கை புருஷன். அன்று காலை பத்தரை மணிக்கு, தோளில் பைப் ரெஞ்சோடு உள்ளே வந்தான்.

"மச்சான், ஈதர் லாரி வரல. உன் பொக்கிஷத்த எடு."

"எந்தப் பொக்கிஷம் மாப்ளே?"

"அந்த மூலையில அடை காக்குறியே, அது. இன்னுமா குஞ்சு பொரிக்கல?"

இருக்கட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடமாக அவர் அந்த மூலைப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஸ்டோர் முழுவதும் அவர் செருப்புத் தடம். அந்த மூலையில் மட்டும் தூசி மடிப்புக் கலையாத வேட்டி போலக் கிடந்தது. டின் மூடியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். அவருடைய ராஜ்ஜியத்தில் பூக்காத பொருள் இல்லை. பேட்டரி முனையில் பூத்தால் சுரண்டுவார். குழாய் மூட்டில் பூத்தால் சுரண்டுவார். ஸ்டோர்காரர்கள் எல்லோருக்கும் பூ என்றால் உப்பு, உப்பு என்றால் ஸ்க்ரூடிரைவர்.

"மூடி இறுகிக் கெடக்கும். சுத்தி வேற உப்பு பூத்திருக்கு," என்றார்.

"அதுக்குத்தான் இவர கூட்டிட்டு வந்திருக்கேன்," என்று ரெஞ்சைத் தட்டிக் காட்டினான் மாப்பிள்ளை.

ரெஞ்சின் வாய் மூடியைக் கவ்வியது. மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து, ஒரு காலால் டின்னை அணைத்துக்கொண்டு, மெல்லத் திருப்பினான். மூடி கால் சுற்று நகர்ந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. சர்க்கரையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தது போல, நறநறவென்று.

அதே நேரம் தொலைபேசி அடித்தது. பாதுகாப்பு அதிகாரி அம்மாள். கம்பெனியின் எல்லாச் சுவரிலும் மண்டையோட்டுப் படம் ஒட்டியவர் என்பதால் அவருக்கு 'அபாயம் மேடம்' என்று பெயர். வழக்கமான வாராந்திர விசாரிப்புதான்.

"எல்லாம் நல்லாருக்கு மேடம். ஈதர் டின்னு ஒண்ணு தொறந்துட்டிருக்கோம். மூடியில கொஞ்சம் பூத்திருக்கு, அவ்வளவுதான்."

மேடம் இடைமறித்தார்.

"என்ன பூத்திருக்கு?"

"வெள்ளையா, உப்பு மாதிரி."

"யார் திறக்கிறது?"

"நம்ம மாப்ளதான்."

"நிறுத்தச் சொல்லுங்க. கத்தாதீங்க. மெதுவா சொல்லுங்க."

இருக்கட்டும் ரிசீவரைக் கையில் பொத்திக்கொண்டு, "மாப்ளே, மேடம் உன்ன கொஞ்சம் அசையாம இருக்கச் சொல்றாங்க," என்றார், யாரோ போட்டோ எடுக்கப்போவது போல.

"டின்ன முதல்ல எப்ப திறந்தீங்க?" என்று கேட்டார் மேடம். "தேதி எழுதி ஒட்டியிருக்கா?"

"வந்த தேதிதான் இருக்கு மேடம். தொறந்த தேதி எழுதணும்னா இடம் பத்தாது. சனிக்கிழம சனிக்கிழம தொறந்து, எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டுப் பாப்பேன். ஏழு வருஷம். அப்புறம் விட்டுட்டேன்."

மேடம் நிதானமாகச் சொன்னார். இந்த வகை ஈதர் திறந்த நாளிலிருந்து காற்றைக் குடிக்கும். குடித்துக் குடித்து, உள்ளே வேறொன்றாக மாறிக்கொண்டே வரும். அதனால்தான் திறந்த தேதி எழுதுவது, சில மாதத்துக்கொரு முறை சோதிப்பது, கெடு தாண்டினால் ஒப்படைத்துவிடுவது. அந்த வேறொன்று மூடியின் மரையில் வெள்ளையாகக் காய்ந்து படிந்துவிட்டால், அதற்கு நெருப்பு வேண்டாம். உரசினால் போதும்.

"உப்பாவும் இருக்கலாமே மேடம்?"

"இருக்கலாம். திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப தொறந்து..."

"திறந்தா, தெரிஞ்சுக்க ஆள் இருக்காது."

இதற்குள் மாப்பிள்ளை, "என்னய்யா ரகசியம்? நான் விட்டுட்டு எந்திரிக்கவா?" என்றான். ரெஞ்சு முழ நீளம், இரும்பு. கையை எடுத்தால் பிடி தன் கனத்தில் கீழே இறங்கும். மூடியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். இருக்கட்டும் இதை மேடத்திடம் சொன்னார். மேடம் உத்தரவு தெளிவாக இருந்தது: அவர் பிடித்தபடியே இருக்க வேண்டும். வெடி நிபுணர்கள் வருவார்கள். மற்ற எல்லோரும், முக்கியமாக நீங்கள், உடனே வெளியேற வேண்டும்.

வெளியே மணி அடித்தது. நூற்றைம்பது பேரின் காலடிகள் ஓடி ஓய்ந்தன. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஸ்டோரின் சொந்த அமைதி கேட்டது. அப்படி ஒன்று அங்கே குடியிருந்தது அவருக்குத் தெரியாது.

இருக்கட்டும் விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளை பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"போ மச்சான்."

"போறேன்."

"ரெண்டு பேரும் போய்ட்டா உன் தங்கச்சி யார்கூட சண்டை போடுவா? போய்யா."

"போறேங்கிறேன்ல," என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, இழுக்காமல், பூனை நடை நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மூஞ்சி வேர்க்குது உனக்கு. சொட்டு அதும்மேல விழப்போகுது. யாரு தொடைப்பா?"

துடைத்துவிட்டார். மூக்கு அரிக்கிறது என்றான், சொறிந்துவிட்டார். இடது பக்கம் என்றான். "கல்யாணத்தன்னிக்குக்கூட உனக்கு இவ்வளவு உபசாரம் பண்ணல," என்றார்.

"அன்னிக்கி மொறைச்சுக்கிட்டே நின்ன."

"இன்னிக்கும் மொறைக்கத்தான் வந்தேன்."

வெயில் ஏறியது. கூரைத் தகரம் சூட்டில் விரிந்து 'டிக்' என்றது. இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். மறுபடி 'டிக்'. இந்தமுறை அது கூரையா, கீழேயா என்று சொல்ல முடியவில்லை. மூடியைச் சுற்றியிருந்த வெள்ளை, கிட்டத்தில் பார்க்க மெல்லிய ஊசிகளாக இருந்தது. ஜன்னல் விளிம்பில் பெயிண்ட் படாத கீற்று வழியாக வந்த வெளிச்சத்தில் அவை மினுங்கின. அழகாகத்தான் இருந்தன. ஏழு வருடச் சனிக்கிழமைகளை இருக்கட்டும் மனதுக்குள் எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். அத்தனை முறையும் அவர் மூடியைத் திருகிவிட்டு, குனிந்து, முகத்தை வாய்க்கு நேராக வைத்துத்தான் பார்த்திருக்கிறார்.

"மச்சான், கை மரத்துப்போச்சு."

"வலிக்குதா?"

"இல்ல. என் கை எங்க முடியுது, இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல."

ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து, பஞ்சு மெத்தை போல உடை அணிந்த இருவர் வந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து அவர்களில் பெரியவர் ஸ்டூலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். ரெஞ்சின் பிடிக்கு அடியில் மணல் பையை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள்.

"இப்ப விடுங்க."

மாப்பிள்ளை விடவில்லை. "விட்டுட்டேன்," என்றான். விரல்கள் அப்படியே இருந்தன.

நிபுணரின் கையுறை மிகத் தடிமன். ஒற்றை விரலைப் பிடிக்க அதற்கு வராது. இருக்கட்டும்தான் குனிந்தார். சுண்டுவிரல். மோதிரவிரல். ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தார், குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல. கட்டைவிரல் கடைசி. அதற்கு நெடுநேரம் ஆனது.

பின்பக்கத் திடலில், மணல் நிரப்பிய வண்டியோடு டின்னை வைத்துத் தூரத்திலிருந்து வெடித்தார்கள். மதில் மேலிருந்த காக்கைகள் எழுந்து வட்டமிட்டன, வெகுநேரம் உட்காரவில்லை.

"அப்ப அது அதானா? உப்பா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

பெரியவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாங்க வச்ச வெடி வெடிச்சுது. அதுகூட உங்களோடதும் சேர்ந்து வெடிச்சுதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

வரும் வழியில் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்: கரண்ட் இல்லை, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். தங்கை கதவைத் திறந்தாள். பட்டப்பகலில் அண்ணனும் புருஷனும் ஜோடியாக நிற்பதைப் பார்த்தாள். கதையைக் கேட்டாள். நம்பியதாகத் தெரியவில்லை. அவள் பார்வை புருஷனின் வலது கையில் நின்றது. அது இன்னும் முழங்கால் பக்கத்தில், எதையோ கவ்விப் பிடித்தபடி வளைந்தே இருந்தது.

"கையில என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லன்னா தொறந்து காட்டுங்க."

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் அவன் கையைப் பார்த்தார்.

"அவசரப்படுத்தாதம்மா," என்றார். "மெதுவா தொறக்கட்டும்."