எனக்கு வந்த பாதி

துணியில் ஊறிய ரத்தத்துக்கு மழையில் நனைந்த பழைய தகரத்தின் வாடை உண்டு. தம்பி செல்வத்துக்குப் பால்பற்கள் ஆடத் தொடங்கிய அந்த மழைக்காலம் முழுவதும், பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் "காம்பரா"வில் அந்த வாடைதான் நிறைந்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் "பல்லு ஆடுது" என்று அவன் சொன்னதுமே அம்மா சோற்றுக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

காரணம் இருந்தது. அம்மாவின் அண்ணன், தேயிலைச் செடியை வெட்டிவிடும் "கவ்வாத்து" வேலையில் கத்தி விரலில் பட்டு, நாட்கணக்கில் ரத்தம் நிற்காமல் இறந்தவர். செல்வமும் தவழும் வயதிலேயே முட்டி வீங்கி நீலம் பாய்ந்து அழுவான். "ஒம் பொறந்த வீட்டுச் சாபத்த எங்க வம்சத்துல கொண்டாந்து விட்டுட்டியே" என்று அப்பாவின் அக்கா அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்வார்.

அம்மாவும் அப்பாவும் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குப் போய் வேலையில் இறங்கியிருந்த ஒரு காலையில், ரொட்டியைக் கடித்தவன் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். துணியைத் திணித்து அழுத்தினேன். நனைந்தது. வேறொன்றை வைத்தேன், அதுவும் நனைந்தது. அவன் அழவில்லை, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே, "அக்கா, நானும் மாமா மாதிரி செத்துப்போயிருவேனா?" என்று கேட்டான். அவனை முதுகில் தூக்கிக்கொண்டு அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைக்கு ஏறினேன்.

தோட்டத்து லொறியில் டிக்கோயாவுக்குப் போனோம். வளைவுக்கு வளைவு பனி. அம்மாவின் மடியில் தம்பி வெளுத்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் அப்பாவின் ரத்தத்தை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். மறுநாள்தான் வாய் ரத்தம் நின்றது.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு விரல்களை ஒட்டிப் பிடித்துக் காட்டினார்.

"உங்கட உடம்பில இப்பிடி ஒரு சோடி இருக்கு. ஒண்டு நல்லது, மற்றது பழுது. நல்லது இருக்கிறதால உங்களுக்கு ஒண்டும் செய்யாது. ஆனா வயித்தில முட்டை உருவாகேக்க இந்தச் சோடி பிரியும். ஒரு முட்டைக்கு ஒண்டுதான். ஆம்பிளைப் பிள்ளையளுக்குத் தாயிட்ட இருந்து வாற அந்த ஒண்டுதான் இருக்கும். உங்கட மகனுக்குப் பழுதானது வந்திட்டுது."

"அப்ப எங் குத்தந்தானுங்களா ஐயா?"

"இல்லையம்மா. எது போகுமெண்டு ஆராலும் சொல்லேலாது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவளுக்கு?"

"பாதிக்குப் பாதி. நாளைக்கு இவள் ஒரு ஆம்பிளைப் பிள்ளையைப் பெத்தாத்தான் தெரியவரும்."

அன்றிலிருந்து என் உடம்பே எனக்குப் பயமாகிவிட்டது. என்னைக் கேட்காமலே, நான் பிறக்கும் முன்பே முடிந்துபோன ஒரு காரியம் உள்ளே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் காய்ச்சல் வந்தது. செல்வம் பால்பற்களையெல்லாம் தாண்டிவிட்டான். ஆனால் மீசை அரும்பிய வயதில் ஈரப் படியில் வழுக்கித் தலையில் அடிபட்டவனை லொறி வந்து ஏற்றும் முன்பே இழந்தோம். பிறகு எனக்கும் கல்யாணம் நடந்தது. ஆண்பிள்ளை வேண்டாம் என்று ஒன்பது மாதமும் வேண்டினேன். மகள் பிறந்தாள். போதும் என்று சொல்லிவிட்டேன். கணவர் எவ்வளவோ கெஞ்சியும் நான் இறங்கிவரவில்லை. டாக்டர் விரல்களால் காட்டிய சோடிக்கு நிறமூர்த்தம் என்றும், அது பிரிவதற்கு ஒடுக்கற்பிரிவு என்றும் பெயர் உண்டென்பதை அந்த மகளின் பள்ளிப் புத்தகத்தில்தான் கண்டேன்.

இன்று அந்த லயம் இல்லை. அம்மாவும் இல்லை, அவளைப் பழித்த அத்தையும் இல்லை. ரத்தம் உறைய ஊசி வந்துவிட்டது. போன மாதம், முழுகாமல் இருக்கும் மகளுக்கு அந்தப் பழுது இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட அது இல்லையாம், அம்மா," என்று சிரித்தாள். "நீங்களும் ஒருக்கா பாத்துருங்களேன்."

வேண்டாம் என்றேன். எனக்கும் இல்லை என்று வந்துவிட்டால், பயந்து நான் பெறாமல் விட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?