கம்பளிக்காரனைப் பறக்கவைத்த ராக்காயி அக்கா

பூண்டுலோயா பஸ் தலவாக்கலைக் கடைத்தெருவில் வந்து நின்றபோது நான் ஏணிமேல் நின்று அடுத்த படத்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, ராக்காயி அக்கா காலையில தவறிட்டாங்க. அவங்க வீட்டுல ஒங்களுக்குச் சொல்லிவிடச் சொன்னாங்க" என்றார். எந்த ராக்காயி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பசை வாளி கைநழுவித் தெருவில் கொட்டியது. தியேட்டர் முதலாளி தம் துணிக்கடைக்குள்ளிருந்து சத்தம் போட்டார். விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்காவை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள், அல்லது யாராவது படித்துச் சொல்லக் கேட்பீர்கள். ஆகையால் அவரைத் தெய்வமாக்கி எழுதப் போவதில்லை. எழுதினால் அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தேயிலைக் கொழுந்து பறித்தார், ஐந்து பிள்ளை பெற்றார், கோபம் வந்தால் அடுத்த மலைக்குக் கேட்கத் திட்டினார். என்னையும் உங்களுக்குத் தெரியும். தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய், வரப்போகும் படத்தைக் கூவுகிறவன். வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன். அந்த வாய் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் மதராஸிலிருந்து வரவேண்டிய தமிழ்ப் படம் வந்து சேரவில்லை. முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் தொடர்படத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாரத்துக்கு ஒரு பாகம். மார்பில் முத்திரையும் முதுகில் சால்வையுமாக ஆகாயத்தில் பறக்கும் ஒருவனின் கதை. "இதுக்கு ஆள் சேக்காட்டி நீ வேற எடம் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார். நான்கு தோட்டங்களில் தொண்டை கிழியக் கூவினேன். நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவதாக அக்காவின் தோட்டத்துக்குப் போய்ச் சுவரொட்டியை விரித்ததுதான் தாமதம், ஒரு பெண் கத்தினார்: "அடியே, ஓடியாங்கடி! நம்ம கம்பளிக்காரன் வந்திருக்கான்!"

லயமே கூடிவிட்டது. அவன் யார், என்ன செய்வான் என்று அவர்கள் எனக்குச் சொன்னார்கள். பகலில் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் எல்லோருடைய பேரையும் பதிகிற சாதுவான ஆள். யாருக்காவது ஆபத்தென்றால் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் போய், மழைக்குப் போர்த்தும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பறந்து வருவான். பிரசவத்துக்குத் துடித்த ஒருத்தியை டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போகையில் தோட்டத்துத் துரையின் கார் பாதையை மறித்து நின்றதாம். காரையே தூக்கி ஓரமாக வைத்தானாம். பிரசவம் பார்க்கும் மிட்வைபம்மாவுக்கு அவன்மேல் ஆசையாம், ஆனால் அவன்தான் அந்தப் பேர் பதிகிற ஆள் என்று அவருக்குத் தெரியாதாம். மொட்டைத் தலைக் கங்காணி ஒருவன்தான் அவனுக்கு எதிரி. அடேயப்பா, படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த மலையில் அவன் பெரிய ஆள்!

எல்லாம் ராக்காயி அக்காவின் வேலை. அவர் கணவர் துரை பங்களாவில் தோட்டக்காரர். துரை பிள்ளைகள் படித்துக் கழித்த, இதே பறக்கிறவனின் படக்கதைப் புத்தகங்களை அடுப்பெரிக்கக் கொடுப்பார்கள். அக்கா எரிக்கவில்லை. ஒவ்வொரு படமாகப் பார்த்து, மறுநாள் கொழுந்து பறிக்கையில் கதையாகச் சொல்வார். அவருக்குப் பக்கத்துச் செடி நிரை கிடைக்கப் பெண்கள் சண்டை போட்டார்கள் என்று கேள்வி.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் சந்தோஷமே இல்லை. "தம்பி, நெசத்தச் சொல்லுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தப் பாத்து நானாத்தான் கட்டிச் சொன்னேன். இவளுங்க அம்புட்டையும் புத்தகத்துல உள்ளதுன்னு நம்பிக்கிட்டிருக்காளுங்க. படத்துல வேற மாதிரி இருந்தா இந்த லயத்துல நான் தல நிமிந்து நடக்க முடியுமா? அதுல பெரட்டு வருதா? மிட்வைபம்மா இருக்காங்களா?"

நான் அந்தப் படத்தில் ஓர் அடிகூடப் பார்த்திருக்கவில்லை. கண்ணில் தெரிந்ததெல்லாம் முதலாளியின் முகம்தான். "எல்லாம் இருக்குக்கா. நீங்க சொன்னபடியேதான் இருக்கு. தைரியமா கூட்டிட்டு வாங்க" என்றேன்.

ஞாயிறு பகல் காட்சிக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். நல்ல சேலை, தலையில் பூ. விளக்கணைந்தது. வானளாவிய கட்டடங்கள், தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள், கடகடவென்று இங்கிலீஷ். ஒரு தேயிலைச் செடி இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு முணுமுணுப்பு கிளம்பியது. அக்காவின் பக்கத்து வீட்டு மீனாச்சிதான் முதலில் வாய் திறந்தார்: "என்னாடி ராக்காயி இது? ரெண்டு வருஷமா எங்கள ஏமாத்திட்டியா?"

இடம் காட்டும் டார்ச்சோடு கதவோரம் நின்ற நான் அதை அணைத்தேன். அக்கா எழுந்து நின்றார். திரையின் வெளிச்சத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

"ஆமாடி, ஏமாத்துனேன். எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தப் பாத்தேன், மனசுல வந்தத சொன்னேன். திட்டுறவங்க இப்பவே திட்டிக்கங்க. நாளைக்கி நெரையில வச்சுத் திட்டாதீங்க."

யாரும் திட்டவில்லை. திரையில் அவன் பாட்டுக்கு எதையோ பேசிக்கொண்டிருந்தான். மீனாச்சி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, அது போகட்டும். இவன் என்னா பேசுறான்னு ஒரு எழவும் வெளங்கல. இதையும் நீயே சொல்லித் தொல."

அக்கா சொல்லத் தொடங்கினார். நின்றபடியே, அந்தக் கணீர்க் குரலில். தொப்பிக்காரர் கங்காணியானார், கோட்டுப் போட்ட அம்மா மிட்வைபம்மா ஆனார். சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளியிடம் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, "சும்மா இருப்பா, கேக்க விடு" என்றார். கார் ஒன்று பள்ளத்தில் விழப்போகும் இடத்தில் அந்தப் பாகம் முடிந்தது. அடுத்த ஞாயிறு அக்கரப்பத்தனையிலிருந்துகூட ஆட்கள் வந்து, "கதை சொல்ற அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

படத்துக்குப் பிறகு நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். பொம்பிளைக் கதை என்று சிரித்த ஆண்களெல்லாம் கள்ளுக்கடையில் கம்பளிக்காரனைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். பிள்ளைகள் கம்பளியைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் குதித்துக் காலை உடைத்துக்கொண்டன. ஸ்டேஷன் கடையில் படக்கதைப் புத்தகங்கள் தொங்கத் தொடங்கின. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் அவற்றைக் கொண்டுவந்து, "இதுல வேற மாதிரில்ல போட்டிருக்கு" என்று அக்காவை மடக்கப் பார்ப்பார்கள். "அவங்க ஊருல அப்படி நடந்திருக்கும். நம்ம ஊருல நடந்தத நான் சொல்றேன்" என்பார். திரையில் அவன் பறந்ததைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. "கயிறு தெரியிது தம்பி. நான் சொல்றப்ப தெரியாது" என்பார். அதன்பிறகு வந்த இங்கிலீஷ் படங்களுக்கெல்லாம் அவர்தான் கதை சொன்னார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். படுத்த படுக்கை. நெஞ்சுச் சளி சரியாகப் பேசவிடவில்லை. "இந்த வாரம் என்னா படம்?" என்று கேட்டார். ஏதோ சொல்லத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ இன்னும் பாக்கலதானே?"

"இல்லக்கா. படப் பெட்டியே இன்னும் வரல."

"அன்னைக்கும் பாக்கலதானே?"

கம்பளிக்காரன் படத்தைத்தான் கேட்கிறார். எத்தனை வருடம்! "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"மொத ரீலு ஓடுறப்பவே ஒன் மூஞ்சியப் பாத்தேனே."

"அப்ப ஏன் என்னையக் காட்டிக் குடுக்கல?"

"குடுத்திருந்தா அவளுங்க ஒன்னைய நாறடிச்சிருப்பாளுங்க. ஒன் வேலையும் போயிருக்கும். என்னைய என்னா பண்ணப் போறாங்க, கொழுந்துக் கூடையவா புடுங்கிடுவாங்க?" இருமல் நின்றதும், "சரி, கதைய விட்டுடாத. நல்லாத்தான் போகுது, மேல சொல்லு" என்றார்.

அன்று தியேட்டரில் இருந்த நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் இன்னும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் சொல்கிறேன். படம் எப்படி இருக்குமோ என்று அவர் பயந்து என்னிடம் கேட்டார். பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்லி உங்கள் முன்னால் அவரை நிறுத்தியவன் நான். மீனாச்சி அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று நானும் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் டார்ச்சை அணைத்துக்கொண்டேன். என்னை மன்னியுங்கள்.

வரும் ஞாயிறு மறுபடி ஒரு இங்கிலீஷ் படம். யார் கதை சொல்வது என்று முதலாளி கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். விளக்கணைவதற்கு முன்பே, எல்லோர் முகமும் தெரிகிறபோதே எழுந்து நிற்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவுமில்லை, வருவதைப் பார்த்து நானாகக் கட்டித்தான் சொல்லப்போகிறேன் என்று சொல்வேன். திட்டுகிறவர்கள் திட்டி முடிக்கட்டும். அப்புறம் கதையைத் தொடங்குகிறேன்.