காலுக்குப் போன ‘ஹோல்டான்’

முதல் நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறும்போதே டிரைவர் சுப்பையா அண்ணன் சட்டம் சொல்லிவிட்டார்.

“நிறுத்து நிறுத்துன்னு வண்டியே கத்தும். அதுக்கெல்லாம் நான் நிக்க மாட்டேன். நீ ‘ஹோல்டான்’னாத்தேன் எனக்கு பிரேக்கு. போகணும்னா ‘ரைட்’. அம்புட்டுத்தேன்.”

ஐம்பதுகளின் நடுவில், நத்தம் ரூட். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பட்டியிலிருந்து நேரே கண்டக்டர் பையை மாட்ட வந்தவன் நான். சாணார்பட்டியில் முதல் ‘ஹோல்டான்’ சொன்னேன். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார்.

“யாருப்பா அது? வெள்ளைக்காரன் போயிட்டான்னுல்ல சொன்னாய்ங்க!”

வண்டி முழுக்கச் சிரிப்பு. என் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அதன்பிறகு வண்டியின் பக்கத் தகரத்தைத் தட்டித் தட்டியே சமாளித்தேன்.

நத்தம் சந்தையில் ரிவர்ஸ். பின்னால் நின்று, “வரலாம், வரலாம்” என்று வழி சொல்வது என் வேலை. ஓர் அம்மாவின் கூடை சரிந்து, மாங்காய்கள் பின்சக்கரத்துக்கு நேரே உருண்டன. அவர் பொறுக்கக் குனிந்துவிட்டார்.

“நிறுத்துங்கண்ணே!”

டயர் உருண்டது. மறுபடி கத்தினேன். அப்போதும் உருண்டது. சீட்டுப் பிடிக்க ஓடிவந்த கூட்டமும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தது.

என் வெட்கம் எங்கே அறுந்ததோ, அடிவயிற்றிலிருந்து வந்தது: “ஹோல்டான்!”

வண்டி குலுங்கி நின்றது. டயருக்கும் அவர் கைக்கும் நடுவே ஒரு மாங்காய்தான் இடம்.

“ஏனப்பு இந்தக் கத்து கத்துற?” என்று சலித்தபடி அவர் அந்த மாங்காயையும் எடுத்துக்கொண்டார்.

சுப்பையா அண்ணன் இறங்கி வந்து பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஏலே, மொதல்லயே ஏன் சொல்லல?”

“நிறுத்துங்கன்னு சொன்னேண்ணே.”

“அது காதுக்கு வந்துச்சு. காலுக்கு வரலையே.”

பல வருடம் கழித்து, எங்கள் வண்டியில் வரும் இங்கிலீஷ் வாத்தியார் ஒருவரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். ஹோல்ட் என்றால் பிடி. ஹோல்ட் ஆன் என்றால் விடாமல் பிடித்துக்கொள், கொஞ்சம் பொறு என்றார்.

“ஆதியில மந்தையைக் காக்குறதுக்குத்தான் இந்தச் சொல்லாம். மேய்க்கிறவன் சொத்துப்பா.”

“அப்பச் சரியான ஆளுகிட்டத்தேன் வந்து சேந்திருக்கு!” என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார் சுப்பையா அண்ணன். நானும் சிரித்தேன். என் நினைப்பில் ஏதோ ஒரு குளிர்நாட்டு மேய்ச்சல்காரன், ஆட்டுத் தலைகளை எண்ணியபடி, நத்தம் ரோட்டுப் புழுதியில் என்கூட நடந்து வந்தான்.

புதிதாகக் கண்டக்டர் பை மாட்டும் தம்பிகளே, காலி வண்டியில் ஒருமுறை ‘ஹோல்டான்’ என்று அடிவயிற்றிலிருந்து கத்திப் பாருங்கள். ஸ்டாண்டில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாளைக்கு உங்கள் வண்டி ரிவர்ஸ் வரும்போது அவர்களும் அதற்குப் பின்னால்தான் நடப்பார்கள்.