கவிழ்த்த படகின் மேல் இன்டர்நெட்

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் பாதி நாள் விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டுகிறோம், மீதி நாள் நெட்டைத் தேடி அலைகிறோம். போனை வைத்து லேப்டாப்புக்கு நெட் எடுத்துப் பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் லேப்டாப் பழசு. அதில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வைஃபை செத்துப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் போனைக் கேபிளில் மாட்டி, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைத் தட்டிவிட்டால் போதும். போனே மோடமாகிவிடும், லினக்ஸ் ஒரு கேள்வியும் கேட்காது. இந்த நல்ல குணத்துக்காகவே அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

திருப்பாலைவனத்தில் பஸ் ஏறி, பழவேற்காட்டில் இறங்கி, பாலம் தாண்டி ஒரு குப்பத்துக்கு இந்த வருடம் நான் போனது சுலோச்சனா அக்காவுக்காக. முப்பத்தெட்டு வயது. பத்தாவது பாஸ் பண்ணி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவரின் படகு எஞ்சின் நின்றால் பிரித்துப் போட்டுப் பார்ப்பது அக்காதான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கப் பெண்களுக்கு வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள், அவசரமில்லை என்று நான்தான் தைரியம் சொல்லி வைத்திருந்தேன்.

பதினோரு கேபிள்

முதல் நாளே கேபிளை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். குப்பத்தில் வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்பி, பதினோரு கேபிள் வந்து சேர்ந்தது. மாட்டினால் எல்லாவற்றிலும் போன் சார்ஜ் ஏறுகிறது, நெட் மட்டும் வரவில்லை.

சில மலிவுக் கேபிள்களில் கரண்ட் போகிற கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகிற கம்பி இருக்காது என்று விளக்கினேன். கன்னியப்பன் என்கிற பெரியவர் தன் கேபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துன்றது மட்டும் துன்னுது, ஒரு வார்த்தை பேசமாட்டேங்குது. என் மருமவன் மாதிரினு சொல்லு."

யார் குடித்தது?

மறுநாள் சொந்தக் கேபிளோடு போனேன். குப்பத்தில் நெட் ஓடும் அளவுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் படகின் முதுகில். போனையும் லேப்டாப்பையும் அதன் மேல் வைத்து, நான் நின்றுகொண்டே தட்டினேன். அக்காவின் பெயர், முகவரி வரை ஏறியது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது.

பார்த்தால், அன்றைய டேட்டா முழுக்கத் தீர்ந்திருக்கிறது. கேபிளில் வருகிற நெட் என்றால் அளவில்லாத நெட் என்று லினக்ஸ் நம்பிவிடும். நாம் பார்க்காத நேரத்தில் தன் அப்டேட்டையெல்லாம் சாவகாசமாக இறக்கிக்கொள்ளும். இது அளவுச் சாப்பாடு என்று முதலிலேயே செட்டிங்கில் சொல்லி வைக்க வேண்டும், நான் சொல்லவில்லை. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "டீசல் ஒழுவுதுன்னா நான் மொதல்ல கொழாயை மூடிட்டுதான் மத்ததைப் பாப்பேன். நீ இன்னா தம்பி பாத்துகினு இருந்த?"

பாடு

அதற்குள் செய்தி பரவி, படகைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்கு ஒரு விண்ணப்பம், அங்கே நெட் எடுக்கிற சிம் இருப்பதோ என் ஒரு போனில்தான். தள்ளுமுள்ளு ஆனதும் ஊர்த்தலைவர் வந்து, ஏரியில் செய்வதையே இங்கும் செய்தார். ஏரியில் மீன் நிறைய விழுகிற இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்துப் போவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். என் போனுக்கும் பாடு வைத்தார்கள், ஒரு நாள் டேட்டா ஒரு வீட்டுக்கு. அக்காவுக்கு வியாழக்கிழமை விழுந்தது. வெள்ளிக்கு முந்தின நாள்தானே, சந்தோஷப்பட்டோம்.

புதன்கிழமை எல்லப்பனின் பாடு. படகுப் பதிவைப் புதுப்பிக்க மதியத்துக்கு மேல்தான் வந்திருந்தார். முறை விஷயத்தில் சொந்தத் தம்பிக்கே வளைந்து கொடுக்காத மனிதர் அவர். பிற்பகல் மூன்றரைக்கு வேறு எதையோ தேடப்போய் ஐ.டி.ஐ. அறிவிப்பு என் கண்ணில் பட்டது. கடைசி நாள் வெள்ளி இல்லை. இன்று, மாலை ஐந்து மணி. நான் பார்த்து வைத்திருந்தது வேறொரு படிப்பின் தேதி. பொன்னேரியில் இருக்கும் நெட் சென்டருக்கு ஓடலாம் என்றால் பஸ் போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஆள் அனுப்பியதும் அக்காவும் தலைவரும் படகடிக்கு வந்தார்கள். இருவர் பாட்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்குத் தலைவர் முடியாது என்றார். பாட்டைக் கைமாற்றும் வழக்கமே இல்லை, இங்கே விட்டால் நாளைக்கு ஏரியிலும் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லப்பன் தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "பாட்டை யாருக்கும் வுட்டுத்தர முடியாது. ஆனா பாட்டுக்குப் போற படகுல யார ஆளா ஏத்தணும்றது படகுக்காரன் இஷ்டம். சுலோச்சனா, வந்து ஏறும்மா."

நாலு ஐம்பது

பாட்டுக்குப் போகும் படகில் பெண்ணை ஆளாக ஏற்றி அந்த ஊர் பார்த்ததில்லை. தலைவர் ஒதுங்கி வழிவிட்டார். அக்காவின் மதிப்பெண் சான்றிதழ் ஏறும் நேரத்தில் ஒரு போன் வந்து நெட் அறுந்தது. என் போனில் பேச்சு வந்தால் நெட் போய்விடும். உடனே, என் நம்பர் தெரிந்த யாரும் கூப்பிடக் கூடாது என்று எல்லப்பன் குப்பம் முழுக்க ஆள் அனுப்பினார். நாலு ஐம்பதுக்கு விண்ணப்ப எண் வந்தது. அக்கா அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எனக்குக் கண் கலங்கியது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லப்பனின் வேலைக்குப் போனால் டேட்டா தீர்ந்திருந்தது. அடுத்த முறை அவருக்கு ஊர் முழுக்கச் சுற்றித்தான் வரும். தப்பு என்னுடையது, மன்னிச்சுக்குங்க அண்ணே என்றேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "என் பாட்டுல புடிச்சது, எனக்கும் பங்கு கீது. படிச்சிட்டு வந்ததும் மொதல்ல என் எஞ்சினைத்தான் தொறக்கணும்."

போனை மோடமாக்க ஒரு கேபிள் போதும் என்று இத்தனை நாள் எல்லோருக்கும் சொல்லிவந்த நான், இப்போதெல்லாம் பக்கத்தில் ஓர் எல்லப்பனும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறேன்.