கவட்டுமலைக்குப் போன பெரியம்மை

என் பெரியம்மை வியாகுலம்மாளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. விடிவதற்கு முன் இனயம் கரையில் மீன் எடுத்து, ஓலைக் கடவத்தில் அடுக்கித் தலையில் வைத்து, ஒன்பது மைல் நடந்து குழித்துறைச் சந்தைக்குப் போவாள். விற்று முடித்துத் திரும்பவும் நடப்பாள். இருபது வருடமாக இதுதான் அவள் தொழில். பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பில் உட்கார்ந்து, அவள் நடந்த தூரத்தை நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலகத்தை மூன்று தடவைக்கு மேல் சுற்றி வந்திருக்கிறாள். இத்தனை நடந்தவள் தனக்காக நடந்தது ஒரே ஒரு முறை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அவள் கணவர் கபிரியேல் என் அப்பாவுக்கு அண்ணன். 1951 ஆடி மாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனார்கள். அன்று திரும்பி வந்தது என் அப்பா மரியஜான் மட்டும். உடலாவது கரை ஒதுங்கும் என்று பதினைந்து நாள் தேங்காய்ப்பட்டணம் வரை ஆள் நின்று பார்த்தார்கள். ஒதுங்கவில்லை. நவம்பரில் இறந்தோர் நாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் அவரவர் ஆளின் தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தி உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மைக்கு உட்கார இடம் கிடையாது. அவள் கொஞ்ச நேரம் மற்றவர்களுடைய கல்லறைகளுக்கு இடையில் நின்றுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவாள்.

"எங்கலே அவரு போனது?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொன்னார். "நம்ம பாருலதான் மைனி."

கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். ஆனால் மேலே பார்த்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் கரையை வைத்து அடையாளம் பிடிப்பார்கள். கரையில் நிற்கும் ஏதாவது ஒன்றும் அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் மலையும் ஒரே நேருக்கு வர வேண்டும். அதுபோலப் பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. இரண்டும் கூடினால் நங்கூரக் கல்லைக் கட்டி இறக்கலாம், அடியில் பார் இருக்கும். இதற்குக் கணிச்சம் என்று பெயர். எங்கள் குடும்பத்துப் பாருக்கு முதல் ஜோடி, கோயில் குருசும் கவட்டுமலையும். மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்த ஒரு மலை. அந்தக் கவட்டுக்கு நடுவில் குருசு வந்து நிற்க வேண்டும் என்பது வரை ஊருக்கே தெரியும். இரண்டாவது ஜோடி எதுவென்று வெளியே யாருக்கும் தெரியாது. அப்பன் மகனுக்குச் சொல்வான், அண்ணன் தம்பிக்குச் சொல்வான். பெண்களிடம் சொல்வதில்லை. பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், பாரையும் கொண்டு போய்விடுவாள் என்று பயம்.

பெண்கள் கட்டுமரத்தில் ஏறுவதும் எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆகவே பெரியம்மை கரையிலிருந்தாவது கைகாட்டச் சொல்லிக் கேட்பாள்.

"அந்தால, மைனி."

"அந்தாலண்ணா எந்தால? எனக்குக் கணிச்சமும் வேண்டாம், உங்களுக்க மீனும் வேண்டாம். அவரு கெடக்குத எடத்த ஒரு மட்டம் பாத்தா போதும்."

"கரையில நிண்ணு பாத்தா எப்பிடித் தெரியும்? எல்லாம் ஒண்ணுபோலத்தான் கெடக்கும்."

மூன்று வருடம் இப்படியே போயிற்று.

குழித்துறைச் சந்தையில் அவளிடம் கருவாடு வாங்குகிற பொன்னுலிங்கம் என்று ஒருவர் உண்டு. குலசேகரத்துக்காரர். மாதம் இரண்டு முறை கருவாட்டை மூட்டை கட்டி, மலைமேல் இருக்கும் எஸ்டேட் ஆட்களுக்கு விற்கக் கொண்டு போவார். இந்தத் தை மாதம் ஒரு நாள் அவர் பேச்சுவாக்கில், புல்லுமலை உச்சியில் நின்றால் கடல் முழுதும் தெரியும் என்றார்.

"எங்க ஊரு கோயிலு தெரியுமா அண்ணாச்சி?"

"மாசியில வானம் தெளிஞ்சு கெடந்தா ஒரு வெள்ளப் புள்ளி தெரியும். அது இனயமா எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் நாத்தமெடுத்த கருவாட்டுக்காரன். கோயிலக் கண்டா கும்பிடுவேன், யாருக்க கோயிலுண்ணு கேக்க மாட்டேன்."

அன்று திரும்பி வந்த ஒன்பது மைலும் அவள் இதையே யோசித்திருக்கிறாள். வீட்டுக்குள் கூடப் போகாமல், வெறுங் கடவத்தோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள்.

"மரியான், கடல்ல நிண்ணு பாத்தா மலை தெரியும்னா, மலையில நிண்ணு பாத்தா அந்த எடம் தெரியணும்லா?"

அப்பா வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"பொன்னுலிங்கண்ணாச்சி வழி காட்டுதேன்னாரு. நீ வந்து கைய மட்டும் காட்டு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"மலையாவது, ஏறதாவது. ஆன கெடக்கும் மைனி."

"ஆனைக்கு நான் என்ன செய்தேன்?"

அப்பா மூன்று நாள் பிடிகொடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் தானாகவே வந்து, போகலாம் என்றார். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. மலையுச்சியில் எப்போதும் மேகம் மூடியிருக்கும், ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்துவிடலாம் என்று அவர் நம்பிப் போயிருக்கிறார். இது பின்னால்தான் தெரிந்தது. பெரியம்மை இந்தப் பயணத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் பேசவில்லை. "எடத்தக் கண்டியா?" என்று கேட்ட பெண்களிடம் "கண்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்கு எல்லாவற்றையும் சொன்னது அப்பா.

மாசி முதல் வாரம் புறப்பட்டார்கள். குழித்துறை வரை நடை, அங்கிருந்து குலசேகரத்துக்குப் பஸ். பஸ்ஸில் எல்லோரும் சென்னை ராஜ்யத்தோடு சேருவதைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வந்தார்களாம். பெரியம்மை ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குலசேகரத்தில் பொன்னுலிங்கம் காத்து நின்றார். அவரோடு பேச்சிப்பாறை அணை வரை நடந்தார்கள்.

அணைக்கரையில் நின்று அப்பா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"கவட்டுமலை எங்க?"

"அது எந்த மலை?" என்றார் பொன்னுலிங்கம்.

"ரெண்டு கொம்பு வச்ச மலை. சின்னப் பிராயம் முதல் பாக்குத மலை. இங்க வந்து பாத்தா காணல்லியே!"

அப்பா மணலில் குச்சியால் வரைந்து காட்டினார். பொன்னுலிங்கம் கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எடத்துக் கொம்பு கரும்பாறை. அந்தா முன்னால நிக்குதே, அது. வலத்துக் கொம்பு பின்னால கெடக்குத புல்லுமலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாள் நடை இருக்கு ஓய். ரெண்டையும் சேத்து ஒரே மலையாக்கினது நீங்கதான். இங்க எவனும் கவட்டுமலைண்ணு சொல்லிக் கேட்டதில்ல."

அப்பாவுக்கு இது பெரிய அடி. எங்கள் ஊரில் எத்தனையோ தலைமுறை நம்பிக் கடலுக்குப் போன மலை, பக்கத்தில் போனால் இல்லை. அவர் மணலில் வரைந்த படத்தைக் காலால் அழித்தார். பெரியம்மை மலைகளைத்தான் பார்த்தாள். "உயரம் கூடுதல் எது?" என்று கேட்டாள். புல்லுமலை என்றார் பொன்னுலிங்கம். "அப்பம் அதுக்குப் போவம்."

அன்று அணைக்கு அப்பால் காணிக்காரர் என்னும் மலைவாசிகளின் குடியிருப்பில் தங்கினார்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். பெரியம்மை முந்தானையில் முடிந்து கொண்டு போயிருந்த நெத்திலிக் கருவாட்டை அவர்களுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஏற்றம் தொடங்கியது. முதலில் ஈற்றை மூங்கில் காடு, பிறகு பெருமரக் காடு. சத்தமே கிடையாது. பிறந்த நாள் முதல் அலைச் சத்தம் காதில் விழாத நேரமே அறியாதவர் அப்பா. அந்த அமைதியில் தன் காது அடைத்துப்போயிற்று என்று நினைத்து, விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாராம். ஓடை தாண்டும் இடத்தில் காலில் அட்டை ஏறியது. அவர் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த மந்திகள் ஓடின.

"சுறாவைப் பிடிச்சு கட்டுமரத்துல ஏத்துதவன், விரல் நீளத்துக்கு ஒரு புழுவக் கண்டு அலறுதான் பாருங்க அண்ணாச்சி," என்றாள் பெரியம்மை.

"சுறா நேர வரும் மைனி. இது எப்பம் ஏறிச்சுண்ணே தெரியல்ல."

நடக்க நடக்க அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. துடுப்புப் போடும் தோள் அவருக்கு, ஏற்றம் ஏறும் கால் இல்லை. பெரியம்மைக்கும் ஆரம்பத்தில் நடை சரிப்படவில்லை. தடுமாறித் தடுமாறி ஏறினாள். கடைசியில் நின்று, பொன்னுலிங்கத்தின் கருவாட்டு மூட்டையைக் கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, நான் சுமக்க மாட்டனா?"

"தலையில ஒண்ணும் இல்லேண்ணா எனக்கு நடக்கத் தெரியாது. தாருங்க."

மூட்டை தலையில் ஏறியதும் அவள் கழுத்து நேரானது. பிறகு இரண்டு ஆண்களாலும் அவள் பின்னால் போக முடியவில்லை. எஸ்டேட் ஆட்கள் தங்கும் லயத்தில் மூட்டையை இறக்கிய பிறகு, அவள் ஒரு கல்லைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள் என்று அப்பா சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு துண்டு மேகம் இல்லை.

மரங்கள் முடிந்து புல் தொடங்கியது. உச்சியை அடைந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. பொன்னுலிங்கம் ஒதுங்கி வழிவிட்டார். பெரியம்மை கல்லை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கடல் கீழே இல்லாமல் எதிரே நின்றது என்றார் அப்பா. சுவர் மாதிரி எழும்பி நின்றதாம். அதன் அடியில் தென்னைகளின் கறுப்புக் கோடு. கோட்டில் ஓரிடத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை. எங்கள் கோயில்.

பெரியம்மை குருசு போட்டுக்கொண்டாள். "காட்டு மரியான்."

அப்பாவால் காட்டியிருக்க முடியும். முன்னால் தாழ நின்ற கரும்பாறைக்கும் கோயிலுக்கும் நேர் பிடித்து, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் கடலுக்குள் கையை நீட்டினால் போதும். அவள் நம்பியிருப்பாள். அவர் கையைத் தூக்கவும் செய்தார். தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே போட்டுவிட்டு, புல்லில் உட்கார்ந்தார்.

"மைனி, அன்னைக்கு மலை இல்ல."

"மலை இல்லேண்ணா?"

"மழை. விடியக்காலத்தயிருந்தே மூடிக் கெடந்தது. மலையையும் காணல்ல, குருசையும் காணல்ல. நாங்க பாரப் பிடிக்கவே இல்ல. ஒழுக்கு எங்கள எங்க இழுத்துக் கொண்டு போச்சுண்ணு எனக்குத் தெரியாது. கட்டுமரம் மறிஞ்சு கவுந்துது. நான் பிடிச்சேன். அண்ணன் பிடிக்கல்ல. அது எந்த எடம்ணு கேட்டா... சத்தியமாத் தெரியாது மைனி."

"பின்ன எதுக்குலே பாருண்ணு சொன்னே?"

"நீங்க கரையில நிண்ணு எங்கலே எங்கலேண்ணு கேட்டிய. ஒரு எடம் சொல்லாம நான் எப்பிடி நிக்க? பாருண்ணு சொன்னா கணிச்சம் சொல்லக்கூடாதுல்லா. பெறகு யாரும் கேக்க மாட்டாங்கன்னு..."

பொன்னுலிங்கம் தூரமாகப் போய், அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். காற்று புல்லை ஒரே பக்கமாகச் சாய்த்தது. பெரியம்மை அடிக்கவில்லை, ஏசவில்லை. அழுதிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும் என்றார் அப்பா. அவள் கேட்டது ஒன்றுதான்:

"மறிஞ்சப்பம் அவரு வல்லதும் ஒரு வார்த்த சொன்னாரா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் அப்பாவிடம் கேட்டதில்லை.

"மரத்த விட்டிராதலேண்ணு சொன்னாரு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்பது போல. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலை நீட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பொன்னுலிங்கம் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, வெயில் தாழும் முன்ன லயத்துக்கு எறங்கணும். இது ஆன வாற தடம்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு எடமா இருந்தா இதுக்குள்ள பாத்துட்டு எழும்பியிருப்பேன். இப்பம் எல்லாத்தையும் பாக்கணும்லா."

கிழக்கே குமரிமுனைப் பக்கம் நீர் தொடங்குகிற இடத்திலிருந்து அவள் பார்க்க ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. ஓரிடத்தில் கண்ணை வைத்து, போதும் என்று தோன்றிய பிறகு அடுத்த இடம். அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே திரும்புவதை இரண்டு ஆண்களும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எங்கள் கோயிலைத் தாண்டினாள். ஆறு கடலில் விழும் தேங்காய்ப்பட்டணத்தைத் தாண்டினாள். வெயில் மஞ்சளாகி, மேற்கில் தண்ணீர் எது வானம் எது என்று பிரிக்க முடியாமல் மங்கத் தொடங்கியது. அப்பா ஒருமுறை "மைனி" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. மங்கிய பக்கத்தைப் பார்த்தபடியே, "அங்க இன்னும் கொஞ்சம் கெடக்கு," என்றாள்.