மாம்பழப் பைக்குள் என் கருவி

திருப்பதியில் புதுத் தொழில் தொடங்குவோருக்கு இடம் தரும் இன்குபேஷன் சென்டரில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. நான் செய்தது மாட்டுக் கழுத்துப் பட்டை. நடமாட்டத்தை வைத்தே மாடு சினைப் பருவத்துக்கு வருவதைக் கண்டுபிடித்து, மாட்டுக்காரர் போனுக்குச் செய்தி அனுப்பும். அந்த நாளைத் தவறவிட்டால் சினை ஊசிக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

யோசனையை யாராவது திருடிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். பக்கத்து மேசையில் கார்வேட்டிநகரத்து அக்கா ஒருவர், மாம்பழக் கூழைக் காயவைத்து விற்பவர். அவர் சிரித்தால்கூட மடிக்கணினியை மூடிவிடுவேன். எட்டு மாதத்தில் ஐந்து பட்டைதான் செய்திருந்தேன்.

குடிபாலா ஊர் மாடுகளுக்குக் கட்டிய அந்த ஐந்தும் மழைக்காலத்தில் ஊமையாகிவிட்டன. மாடு ஈரத்தில் படுத்ததும் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் ஆளுக்கொரு சிக்கலைச் சொல்வது சென்டரில் வழக்கம். "நல்லா போய்க்கினு இருக்குது" என்றே எப்போதும் சமாளிக்கும் நான், அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அக்கா எழுந்து வந்தார். "தண்ணி எறங்கக் கூடாது, அவ்ளோதானே? மாம்பழம் அடைக்கிற என் பைக்குள்ள காத்தே எறங்காது. கொண்டா உன் பெட்டிய."

காற்றை உறிஞ்சி ஒட்டும் அவருடைய இயந்திரத்தில் பெட்டியைப் பைக்குள் அடைத்து வாளியில் போட்டோம். சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. செய்தியும் வரவில்லை! பையின் உள்ளே இருந்த அலுமினியம் சிக்னலை மறித்திருந்தது.

"பலமனேர்ல பால் பாக்கெட் போடறவங்களாண்ட அலுமினியம் இல்லாத கெட்டி பிளாஸ்டிக் கவர் இருக்குது. கேட்டு வாங்கியாறேன்" என்றார். மறுநாளே கொண்டுவந்தார். அதில் அடைத்ததும் செய்தி வந்தது. பதிலுக்கு அவருடைய உலர்த்தும் பெட்டியில் சூடு ஏறினால் ஒலிக்கும் மணி ஒன்றைப் பொருத்தினேன். அதன்பின் சென்டரில் ஒருவரும் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் நாற்பது பட்டைகள் செய்தேன்.

குடிபாலாவில் முதல் செய்தி போன அன்று மாட்டுக்கார அம்மா சண்டைக்கே வந்தார். "மாடு சும்மா துன்னுக்கினு கீது. உன் மிஷினு பொய் சொல்லுதும்மா."

"ஒரே ஒரு தடவ நம்புங்கம்மா. மாட்டு டாக்டர கூப்பிடுங்க."

கூப்பிட்டார். அன்றே ஊசி போட்டார்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன்.

"சினதாம்மா! டாக்டரு கைய வெச்சிப் பாத்து சொல்ட்டாரு!"

ஸ்பீக்கரில் போட்டேன். கூடமே கைதட்டியது. அக்கா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.