அச்சில் விட்ட இழைகள்

எங்கள் ஊர் மியூசியத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு நடுகல். மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்த கல் அது. வில் பிடித்த வீரனின் முகம் மாடுகள் உராய்ந்து உராய்ந்து வழவழப்பாகியிருந்தது. இரண்டாவதாக, மலைக்கோட்டையிலிருந்து உருண்டு வந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இரும்புக் குண்டு. மூன்றாவது, தறி. இந்த வரிசையை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. பதிவேட்டை எழுதியவன் நான்தான்.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்ததற்கு அடுத்த வருஷம் அது. எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் என்று தீர்மானமாகியிருந்தது. ஆனாலும் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவிலிருந்த எங்கள் சந்தையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கோபித்துக்கொள்வது மாறவில்லை. நமக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என ஊராட்சித் தலைவருக்குத் தோன்றியது. வாசகசாலையின் பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். நெசவாளர் தெரு துணிகளுக்கு ஒரு பீரோ, மற்றவற்றுக்குத் தரை.

எனக்குத் தபாலாபீஸில் வேலை. காலையில் கதவைத் திறந்ததும் முத்திரையில் நேற்றைய தேதியைக் கழற்றி இன்றைய தேதியைப் பொருத்துவதுதான் என் முதல் காரியம். அந்தப் பழக்கம் கையோடு நிற்காமல் புத்திக்கும் ஏறிவிட்டது. எதைப் பார்த்தாலும் இது எந்த வருஷம் என்று கேட்பேன். அதனாலேயே பொருள்களுக்குச் சீட்டு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். லேசான வேலையாக இல்லை.

"இந்தச் சேலை எப்ப நெய்ஞ்சது?"

"பிளேக்குக்குப் பயந்து ஊரக் காலி பண்ணிக்கினு காட்ல கொட்டாய் போட்டமே, அதுக்கு முந்தி."

"எவ்ளோ முந்தி?"

"எங்க சின்னம்மா கண்ணாலத்துக்கு."

சின்னம்மாவின் கல்யாணம் எப்போது என்று கேட்டால், பிளேக்குக்கு முந்தின வருஷம் என்று சொல்லிவிட்டு, நான் எழுதிக்கொள்கிறேனா என்று பார்ப்பார்கள்.

தறி கொடுத்த அம்மாளுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும், முப்பது. அவர் கணவர் இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூரில் ஏதோ பாக்டரிக்கு வேலைக்குப் போனவர். முதல் ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. பெங்களூர் முத்திரை குத்திய தபாலைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறவன் நான். மற்றவர்கள் தறிக்குக் கூலிக்குத் தார் சுற்றி, அந்த நூல்குச்சிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் தபாலாபீஸ் வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். நான் தலையை லேசாக அசைப்பேன். அவர் நடையை மாற்றாமல் போய்விடுவார். எங்களுக்குள் அதுவரை இருந்த பேச்சு அவ்வளவுதான்.

தலைவர் தறி கேட்டுப் போனபோது நானும் பதிவேட்டோடு போயிருந்தேன். வீட்டுக்குள் நெய்பவர் கால் விட்டு மிதிக்கும் குழி, குழிக்கு மேல் தறி, தறிக்கு மேல் ஒழுகுகிற கூரை. மழைக்கு முன் மரத்தைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அம்மாளுக்கும் இருந்தது. கணவரின் அக்கா, அதே வீட்டில் இருந்தவர், கதவோரம் நின்று எங்களை அளந்துகொண்டிருந்தார்.

"தறிக்குச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்னு எழுதட்டும்?" என்று கேட்டேன். பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

"வேலைக்குப் போயிருக்காரு," என்றார் அந்த அம்மாள்.

அப்படியே எழுதினேன்.

"கேட்டப்போ திருப்பிக் குடுத்துரணும். அப்புறம், எதையும் பிரிக்காதீங்க சார். இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும்."

அதையும் எழுதினேன். ஒரு சொல் விடவில்லை.

மியூசியம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அந்தப் பின்னறையில் இருந்தேன். தறியைச் செங்கல் மேல் நிறுத்தியிருந்தோம். மரத்துக்கு எண்ணெய் பூசினேன். நூலைத் தூக்கி இறக்கும் கயிற்று விழுதிலும், அதன் முன்னால் பல் வரிசையான அச்சிலும் கோத்தபடி முழ நீளத்துக்கு நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. முன்பக்கம் கொத்துக் கொத்தாக முடிச்சு. தூசி படிந்து, பூச்சி அரித்து, கை பட்டால் பொடியாக உதிர்ந்தது. மரத்தில் ஓர் ஆணியையும் நான் பிரிக்கவில்லை. இந்த அழுக்கு நூலை மட்டும் முடிச்சை வெட்டி உருவியெடுத்தேன். அச்சின் பற்களைத் தூரிகையால் துடைத்தேன். புதுச் சீப்பு மாதிரி பளிச்சென்று வந்தது. எதையும் வீசியெறியும் வழக்கம் எனக்கில்லை. உருவிய நூலைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, "அச்சிலிருந்து எடுத்த பழைய நூல்" என்று மேலே எழுதி, தேதியும் போட்டுத் தறியின் காலடியில் வைத்தேன். அன்று மாலை மிகவும் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

திறப்பு நாளில் பெண்கள் மதியத்துக்கு மேல் வந்தார்கள். அந்த அம்மாள் நேராகத் தறியிடம் போனார். அச்சின் மேல் கையை வைத்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலை ஓட்டினார். பக்கத்தில் நின்ற நாத்தனார்தான் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இது யார் பண்ண வேல?"

"நான்தாங்க. ரொம்பத் தூசியா இருந்தது..."

"தூசியா! எந்தம்பிக்கு அஸ்தி கட்டி வெச்சிருக்கியே அய்யா! அது மேல எழுத்து வேற, தேதி வேற!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெசவாளர் தெரு மனிதர் ஒருவர் என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். நெய்து முடித்த துணியை அறுக்கும்போது, அச்சிலும் விழுதிலும் பழைய பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், நுனியை விட்டுத்தான் அறுப்பார்கள். அடுத்த பாவு வந்ததும் ஒவ்வோர் இழையாக அந்த நுனியோடு பிணைப்பார்கள். நுனி இருக்கும்வரை தறி வேலையில் இருக்கிறது என்று கணக்கு. அவர்கள் தெருவில் அச்சைக் காலியாக உருவுவது நெய்தவன் செத்துப்போனால் மட்டும்தான்.

ஒன்றரை வருஷமாகக் கடிதம் வராத கணவருக்காக அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது தறியை அல்ல, அந்த நுனியை. மரம் மழைக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று எங்களிடம் கொடுத்தார். நான் நுனியை உருவிவிட்டேன்.

மறுநாள் தபாலாபீஸ் முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று வழி நெடுகத் தயார் செய்திருந்தேன்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா," என்றேன்.

"தெரிஞ்சு யார் பண்ணுவாங்க," என்றார். தார் சுற்றுவதை நிறுத்தவில்லை. அடுத்த குச்சியை எடுத்து மாட்டியபடி, "மறுபடி கோக்கலாம். ஆனா அதுக்கு ரெண்டு ஆளு வேணும். அக்காவுக்குப் பொடி இழைக்குக் கண்ணு பத்தாது," என்றார்.

"நான் வரேன்."

உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. "ஆமா, உருவுனவரே கோக்கட்டும். ஒவ்வொரு இழைக்கும் ஸ்டாம்பு ஒட்டிக் குடுப்பாரு."

மியூசியத்தின் பின்னறையிலேயே கோத்தோம், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தெருவில் ஏழெட்டு வீடுகளில் தறியில் அறுத்த மிச்ச நூல் கேட்டு வாங்கி வந்திருந்தார் அவர். சிவப்பு, வெள்ளை, கருநீலம் என்று கலந்து கிடந்தது. அவர் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் விழுதுக்குப் பின்னால். குடைக்கம்பியை வளைத்துச் செய்த கொக்கி பல்லிடுக்கு வழியாக என் பக்கம் எட்டிப் பார்க்கும். அதில் ஓர் இழையை மாட்ட வேண்டும். கொக்கி பின்வாங்கும். அடுத்த பல். முதல் அரைமணி நேரத்தில் நான்கு முறை தவறு செய்தேன். நாத்தனார் நடுகல்லில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி எங்களுக்குக் காவல் இருந்தார்.

"எத்தன ஆச்சு சாரு?"

"முன்னூத்திப் பதினாறு."

"எண்றாருடி! நெசமாவே எண்ணிக்கினு இருக்காரு!"

அந்த அம்மாள் சிரித்தார். விழுதுகளின் நடுவில் அவர் முகம் முழுதாகத் தெரியாது. சிரிப்பு மட்டும் கேட்டது. கணவரைப் பற்றி அவராகவே ஒரே ஒரு முறை பேசினார். "அவரு இழை மாட்டறப்போ பாடுவாரு. நீங்க எண்றீங்க." குறையாகச் சொன்னதாகத் தோன்றவில்லை.

மூன்றாம் ஞாயிறு மாலை கடைசி இழை வந்தது. ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. கொத்துகளை முடிச்சுப் போட்டுவிட்டு அவர் தறியின் பலகையில் ஏறி உட்கார்ந்தார். கால்கள் தாமாக மிதியைத் தேடின. கீழே குழி இல்லை, சிமென்டுத் தரைதான். பாதம் தரையில் இடித்து நின்றது.

"சார், இத இங்க வெச்சுக்கினு என்ன பண்றது? குழி எங்க வீட்லதான இருக்குது."

"என்னாடி சொல்ற?" என்றார் நாத்தனார்.

"ஒரு பாவு வாங்கி இதுல பிணைச்சுப் பாக்கறேங்க்கா. பக்கத்து வீட்ல கூரைக்கு ஓல தரேன்னாங்க. அச்சுல நுனி சும்மா காஞ்சுக்கினு இருந்தா மறுபடி பூச்சிதான் தின்னும்."

"அவன் தறிடி. அவன் வந்தா?"

"வந்தா எழுந்து எடம் விடறேன்."

நாத்தனார் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கினு நிக்கற? அந்தப் பக்கம் புடி," என்றார்.

தலைவருக்கு வருத்தம்தான். பீரோவிலிருந்த துணிகளை விட அந்தத் தறியைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள். பதிவேட்டைப் பிரித்து, கேட்டபோது திருப்பித் தர வேண்டும் என்ற வரியைக் காட்டினேன். படித்துவிட்டு வண்டிக்குச் சொல்லியனுப்பினார்.

தறி போன இடத்தில் நான்கு செங்கல் மட்டும் மிஞ்சியது. செங்கல்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கணவரைப் பற்றி அந்த அம்மாள் சொன்ன அதே வார்த்தையில் ஒரு புதுச் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன்: "இங்கிருந்த தறி வேலைக்குப் போயிருக்கிறது." நான் எழுதிய சீட்டுகளிலேயே தேதி போடாதது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் முடியும்வரை பெங்களூர் முத்திரையோடு அவர் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பதை அவர் விடவில்லை. ஆனால் இடுப்பில் இப்போது இருந்தது சொந்தத் தறிக்கான நூல்.

ஒருநாள், நெய்த துண்டுகளை நெசவாளர் சங்கத்தில் போட்டுவிட்டு, மியூசியத்துக்குள் வந்தார். கன்னடம்தான் படிப்பார், தமிழ் எழுத்து வராது. சுவரைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். நான்கு செங்கல்லையும் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் கண்ணை ஒற்றினாரா, வேர்வையைத் துடைத்தாரா என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்று இரும்புக் குண்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"வேலைக்குப் போயிருக்குதுன்னு போட்டுட்டீங்க. சாயங்காலம் வந்துருமான்னு கேப்பாங்க சார். என்ன சொல்வீங்க?"